சாதா கொழுப்புக் கட்டியா, புற்றுநோயா? மைக்ரோஸ்கோப்பில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதுகிலோ கையிலோ தோலுக்கு அடியில் ஒரு உருண்டை. தொட்டால் மெத்தென்று இருக்கும். அமுக்கினால் நழுவும். வலி இருக்காது. வீட்டில் யாரிடம் காட்டினாலும், "அட, கொழுப்புக் கட்டி. எங்க மாமாவுக்கும் ரெண்டு இருக்கு, இருபது வருஷமா அப்படியேதான் கிடக்கு" என்ற பதில்தான் வரும்.

அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொழுப்பு, தசை, தசைநார் மாதிரியான மென்திசுக்களில் வரும் கட்டிகளில், தீங்கில்லாதவை புற்றுக் கட்டிகளைவிட குறைந்தது 100 மடங்கு அதிகம் என்பது மருத்துவப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. மென்திசுப் புற்றான சார்கோமா, பெரியவர்களுக்கு வரும் மொத்தப் புற்றுநோயில் சுமார் 1 சதவீதம்தான்.

சிக்கல் என்னவென்றால், நூற்றில் ஒன்றாக வரும் அந்தக் கட்டியும் வெளியே பார்க்க மற்ற தொண்ணூற்றொன்பது மாதிரியே இருக்கலாம். அதுவும் வலிக்காமல், மெதுவாக வளரலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். முடிவைச் சொல்பவர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் பேத்தாலஜிஸ்ட். நோயாளி பெரும்பாலும் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் எழுதும் நாலைந்து வரிகளை வைத்துத்தான் காலை முழுதாகக் காப்பாற்றலாமா, கதிர்வீச்சு தேவையா, ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாமா என்பது முடிவாகிறது.

எடுத்த கட்டி எங்கே போகிறது?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒருவருக்குத் தொடையில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையில் காட்டுகிறார். பெரிதாக இருக்கிறதே என்று, காவிரிப் பாலம் தாண்டி புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். திருச்சிக்காரர்களுக்கு அது வெறும் 'ஜி.ஹெச்.'தான். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை அது. மருத்துவக் கல்லூரி என்றாலே நோய்க்குறியியல் துறை, அதாவது பேத்தாலஜி, இருந்தாக வேண்டும். தில்லைநகரிலோ தென்னூரிலோ தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பாதை ஒன்றுதான். கட்டி ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் லேபுக்குப் போகும்.

போக வேண்டும் என்று சொல்வதுதான் சரி. 'சும்மா கொழுப்புதானே' என்று எடுத்த கட்டி குப்பைக்குப் போவதும் உண்டு. செலவை மிச்சம் பிடிக்க, "டெஸ்ட்டெல்லாம் வேணாம் டாக்டர்" என்று நோயாளியே சொல்வதும் உண்டு. இரண்டுமே தப்பு. குப்பைக்குப் போன கட்டியை அப்புறம் யாராலும் படிக்க முடியாது.

டப்பாவில் கட்டியைப்போல சுமார் 10 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். அந்தத் திரவம் திசுவுக்குள் மெதுவாகத்தான் ஊறும், மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தேங்காய் அளவுக் கட்டியை அப்படியே முழுசாகப் போட்டு மூடிவிட்டால், வெளிப்பக்கம் பதப்படும், நடுப்பகுதி கெட்டுப்போகும். அதனால் பெரிய கட்டிகளைக் கீறி வைக்கிறார்கள்.

லேபில் முதல் வேலை வெறும் கண்ணால் பார்ப்பது. கட்டியை அளந்து, வெளிப்புறம் முழுக்க மை பூசுகிறார்கள். பின்னால் மைக்ரோஸ்கோப்பில் அந்த மை மேலேயே கட்டிச் செல்கள் உட்கார்ந்திருந்தால், கட்டி முழுதாக வெளியே வரவில்லை, உடம்பில் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். பிறகு குறுக்கே வெட்டுகிறார்கள். லிபோமா எனப்படும் சாதா கொழுப்புக் கட்டி வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருக்கும். மிக்ஸாய்டு வகைக் கட்டி நுங்கு போலப் பளபளக்கும், கத்தியில் வழவழவென்று ஒட்டும். மஞ்சளுக்கு நடுவே ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு திட்டு தெரிந்தால் அங்கிருந்து கட்டாயம் துண்டு எடுக்க வேண்டும். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்பது கணக்கு. கெட்ட பகுதி அந்தத் துண்டுகளில் வராமல் போனால், எவ்வளவு பெரிய நிபுணர் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

கொழுப்பே இல்லாத கொழுப்புச் செல்

எடுத்த துண்டுகள் ஆல்கஹாலில் ஊறும், பிறகு சைலீன், கடைசியாக உருக்கிய பாரஃபின் மெழுகு. தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் மெழுகு உட்காரும். கெட்டியான அந்த மெழுகுக் கட்டிக்குப் பெயர்தான் 'பிளாக்'. அதை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் 3 முதல் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்கிறார்கள். கொழுப்புத் திசுதான் இதில் ரொம்பப் படுத்தும். சரியாகப் பதப்படாமல் இருந்தால் சீவும்போதே கிழியும்.

அப்புறம் சாயம். ஹீமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க இதே இரண்டு சாயம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். ஆக, கொழுப்புக் கட்டியின் ஸ்லைடில் கொழுப்பே இருக்காது. கொழுப்பு இருந்த இடம் வெள்ளை ஓட்டைகளாக, தேன்கூடு மாதிரி தெரியும். ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும் மெல்லிய உட்கருவை வைத்துத்தான் இது கொழுப்புச் செல் என்று சொல்கிறார்கள்.

எல்லாச் செல்லும் ஒரே அளவு, உட்கருக்கள் சின்னதாக, ஒதுங்கி இருந்தால் அது லிபோமா. கதை முடிந்தது.

லிபோமாவுக்குச் சில சொந்தக்காரர்களும் உண்டு. இளைஞர்களின் முன்கையில் சின்னச் சின்னதாக, தொட்டால் வலிக்கும் கட்டிகள் வந்தால் அது பெரும்பாலும் ஆஞ்சியோலிபோமா. அதில் நுண் ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கும், அவற்றுக்குள் குட்டி ரத்தக்கட்டிகளும் இருக்கும். வயதான ஆண்களின் பின்கழுத்திலோ தோளிலோ வருவது ஸ்பிண்டில் செல் லிபோமா. கொழுப்போடு நீள்வடிவச் செல்களும், முறுக்கிய கயிறு போன்ற நார்களும் அதில் கலந்திருக்கும். முதல் பார்வைக்குப் பயமுறுத்தும், ஆனால் இரண்டும் சாது.

அப்போ, கெட்டது எப்படி இருக்கும்?

பாடநூல் பதில் 'லிபோபிளாஸ்ட்'. உள்ளே இருக்கும் கொழுப்புத் துளிகள் உட்கருவை அழுத்தி, ஓரத்தைக் கடித்துவிட்ட பிஸ்கட் மாதிரி ஆக்கியிருக்கும் ஒரு செல். லிபோபிளாஸ்ட் இருந்தால் லிபோசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுப் புற்று என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. அடிபட்டுச் சிதைந்த கொழுப்பைத் தின்னும் வெள்ளணுக்கள் பார்ப்பதற்கு அப்படியே லிபோபிளாஸ்ட் மாதிரி இருக்கும். ஸ்லைடைக் கொஞ்சம் தடிமனாகச் சீவிவிட்டால் சாதா கொழுப்புச் செல்லின் உட்கருகூட ஓட்டை விழுந்தது போலத் தெரியும். குழந்தைகளுக்கு வரும் லிபோபிளாஸ்டோமா கட்டியில் லிபோபிளாஸ்ட் இருக்கும், ஆனால் அது புற்று இல்லை. மறுபக்கம், லிபோபிளாஸ்ட் ஒன்றுகூட இல்லாத லிபோசார்கோமாவும் உண்டு.

அதனால் அனுபவசாலிகள் முதலில் தேடுவது கொழுப்பை அல்ல, கொழுப்புக்கு நடுவே ஓடும் நார்ப்பட்டைகளை. அங்கே, மை கொட்டியது போலக் கருத்த, பெரிய, கோணலான உட்கரு கொண்ட செல்கள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். ஒரு பெரிய ஸ்லைடு முழுக்கச் சாதா கொழுப்பு, ஒரு மூலையில் மட்டும் அப்படி நாலு செல். அதைத் தவறவிட்டால் ரிப்போர்ட்டில் 'லிபோமா' என்று வந்துவிடும்.

ஒரே கட்டி, இரண்டு பெயர்

அந்த நாலு செல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பேத்தாலஜிஸ்ட் அதற்கு என்ன பெயர் எழுதுவார் என்பது, கட்டி உடம்பில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது.

கை, காலில் இருந்தால் 'அட்டிப்பிக்கல் லிபோமேட்டஸ் டியூமர்'. வயிற்றின் பின்பகுதியில், சிறுநீரகத்தை ஒட்டி இருந்தால் 'வெல் டிஃபரென்ஷியேட்டட் லிபோசார்கோமா'. செல்கள் அதே செல்கள், மரபணுக் கோளாறும் அதே கோளாறு. பெயரில் மட்டும் ஒன்றில் புற்று என்ற சொல் இல்லை, இன்னொன்றில் இருக்கிறது.

ஏமாற்று வேலை மாதிரி தெரிந்தாலும் இதற்குப் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது. இந்தக் கட்டி தானாக வேறு உறுப்புக்குப் பரவாது. தொடையில் இருந்தால் சுத்தமாக எடுத்துவிடலாம், பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. அவர்களைப் 'புற்றுநோயாளி' என்று சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை. வயிற்றுக்குள் நிலைமை வேறு. கட்டி எதுவரை போகிறது என்றே தெரியாமல் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிப் படர்ந்திருக்கும். முழுதாக எடுக்க முடியாது, திரும்பத் திரும்ப வரும், சில சமயம் வீரியம் கூடிய வகையாக மாறும். அமெரிக்க நோயியல் நிபுணர் ஹாரி எவன்ஸ் 1979-லேயே இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னார்.

வயிற்றுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். 1978-ல் வயிற்று வலி என்று போனவருக்கு லிபோசார்கோமா என்று தெரிந்தது. கட்டி ஒரு சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் நசுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எடுத்தார்கள். மீண்டும் வந்தது, மீண்டும் எடுத்தார்கள். நடுவில்தான் 1986-ல் சேலஞ்சர் விண்கல விபத்து விசாரணைக் குழுவில் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீரில் ரப்பர் வளையத்தைப் போட்டுக் காட்டினார். 1988 பிப்ரவரியில் காலமானார்.

லிபோசார்கோமாவிலேயே வேகமான வகை பிளியோமார்ஃபிக். ஏராளமான தமிழர்கள் வாழும் டொராண்டோவின் மேயராக இருந்த ராப் ஃபோர்டுக்கு 2014-ல் வந்தது இதுதான். 2016 மார்ச்சில் அவர் இறந்தபோது வயது 46. மைக்ரோஸ்கோப்பில் இந்த வகையை யாரும் லிபோமா என்று நினைக்க மாட்டார்கள். செல்கள் அவ்வளவு விகாரமாக இருக்கும்.

நுங்கு மாதிரிக் கட்டிகள்

பேத்தாலஜிஸ்ட்டுகளுக்கே தலைவலி தருவது மிக்ஸாய்டு வகை. கிரேக்க மொழியில் 'மிக்ஸா' என்றால் சளி. செல்களுக்கு நடுவே ஹையலூரானிக் அமிலம் போன்ற வழவழப்பான பொருள் தேங்கியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, தொப்புள்கொடிக்குள் இருக்கும் கூழ் போலவே இது இருக்கிறது என்று பார்த்து, 'மிக்ஸோமா' என்று பெயர் வைத்தார்.

ஸ்லைடில் இது வெளிறிய நீலச் சாம்பல் நிறத்தில், கஞ்சி கொட்டியது போலத் தெரியும். சிக்கல் என்னவென்றால் பரம சாதுவான கட்டியிலும் இந்தக் கஞ்சி உண்டு, உயிருக்கு உலை வைக்கும் கட்டியிலும் உண்டு. சில சமயம் சாதா லிபோமாவிலேயே இருக்கும். எனவே கஞ்சியை விட்டுவிட்டு, அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களைப் பார்க்க வேண்டும்.

தசைக்குள் வரும் மிக்ஸோமாவில் செல்களும் குறைவு, ரத்தக்குழாய்களும் குறைவு. கிட்டத்தட்ட காலி மைதானம். இது பரவாது, எடுத்தால் போதும்.

மிக்ஸாய்டு லிபோசார்கோமாவில் அதே கஞ்சிக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடும். கோழிக்கூண்டுக் கம்பிவலை என்று சிலர் சொல்வார்கள், காக்கா கால் தடம் என்று சிலர் சொல்வார்கள். நடுவில் ஒரே மாதிரியான குட்டிச் செல்கள், அங்கங்கே முத்திரை மோதிரம் போல ஒரு துளிக் கொழுப்பைச் சுமந்த லிபோபிளாஸ்ட். பெரும்பாலும் 30, 40 வயதுக்காரர்களின் தொடையில், ஆழத்தில் வரும். குடும்பத்தைத் தாங்கும் வயது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

60 வயதுக்கு மேல், தோலுக்குச் சற்று அடியில் வந்தால் மிக்ஸோஃபைப்ரோசார்கோமாவை யோசிப்பார்கள். இதன் ரத்தக்குழாய்கள் தடிமனாக, வில் போல வளைந்திருக்கும். செல்களின் உட்கரு ஆளுக்கொரு அளவில், அசிங்கமாக இருக்கும். இதிலும் லிபோபிளாஸ்ட் மாதிரி செல்கள் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது கொழுப்பு அல்ல, அதே கஞ்சிதான். எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவது இதன் குணம்.

இன்னொன்று, பசுத்தோல் போர்த்திய புலி. லோ கிரேடு ஃபைப்ரோமிக்ஸாய்டு சார்கோமா. இதே எவன்ஸ் 1987-ல் விவரித்தது. செல்களைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவ்வளவு அமைதி. ஆனால் பல வருடங்கள் கழித்து நுரையீரலில் போய் நிற்கும்.

இதற்கு நேர் எதிராக, நோடுலர் ஃபேசியைடிஸ் என்று ஒன்று. சில வாரங்களில் திடீரென்று வளரும், ஸ்லைடில் செல்கள் மளமளவென்று பிரிந்துகொண்டிருக்கும், பார்த்தாலே சார்கோமா என்று தோன்றும். விட்டால் தானாகவே அடங்கிவிடும் கட்டி அது. சார்கோமா என்று தப்பாக எழுதினால், தேவையில்லாத பெரிய அறுவை சிகிச்சை ஒன்று நடந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால்?

குரோமோசோமைக் கேட்க வேண்டியதுதான். மிக்ஸாய்டு லிபோசார்கோமாவில் 12-ஆம், 16-ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறியிருக்கும். அதனால் ஃபஸ், டி.டி.ஐ.டி.3 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. 10-ல் 9 பேருக்கு மேல் இது இருக்கும். மிக்ஸோமாவில் இருக்காது. அட்டிப்பிக்கல் லிபோமேட்டஸ் டியூமரில் வேறு கதை. எம்.டி.எம்.2 என்ற மரபணு இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் எக்கச்சக்கமாகப் பெருகியிருக்கும். சாதா லிபோமாவில் அப்படி இல்லை.

இதைப் பார்க்கும் சோதனைக்கு 'ஃபிஷ்' என்று பெயர். மரபணுவில் போய் ஒட்டும் ஒளிரும் சாயத்தைப் போட்டு, இருட்டில் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். டி.டி.ஐ.டி.3-ன் இரு பக்கமும் சிவப்பும் பச்சையுமாகக் குறித்து வைப்பார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தால் மரபணு முழுசு, பிரிந்து கிடந்தால் உடைந்திருக்கிறது. எம்.டி.எம்.2 பெருகியிருந்தால் ஒரே உட்கருவுக்குள் புள்ளிகள் எண்ண முடியாமல் கொத்தாக மின்னும். எல்லா ஊர் லேபிலும் இந்த வசதி இருக்காது. அதற்காக நோயாளி அலைய வேண்டாம், பிளாக்கை மட்டும் அனுப்பினால் போதும்.

பெயர் சரியாக இருந்தால் என்ன லாபம்?

மிக்ஸாய்டு லிபோசார்கோமாவையே எடுத்துக்கொள்ளலாம். மற்ற சார்கோமாக்கள் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். இது முதுகெலும்பு, வயிற்றின் பின்பகுதிக் கொழுப்பு, இன்னொரு கால் என்று எதிர்பாராத இடத்துக்கும் போகும். நெஞ்சு ஸ்கேன் மட்டும் எடுத்து 'ஒண்ணுமில்ல' என்று அனுப்பினால் போதாது, முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஸ்லைடில் உருண்டைச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து அதிகம். அதனால்தான் அந்தச் சதவீதத்தை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த வகை கதிர்வீச்சுக்கு நன்றாகவே சுருங்கும். வழக்கமாகக் கொடுக்கும் 50 கிரே அளவுக்குப் பதிலாக 36 கிரே போதுமா என்று பார்த்த 'டோரெமி' ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது, சாதகமாகவே இருந்தது. கடல் உயிரி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட டிராபெக்டெடின் என்ற மருந்தும் இதற்கு நன்றாக வேலை செய்கிறது. மிக்ஸோமா என்று தப்பாக எழுதிவிட்டால் இது எதுவுமே நோயாளிக்குக் கிடைக்காது.

ஊசி டெஸ்ட் மட்டும் போதுமா?

நம் ஊரில் முதலில் செய்வது எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது. சின்னதாக, தோலுக்கு அடியில் இருக்கும் கட்டிக்கு உதவும். ஆனால் வருவது தனித்தனிச் செல்கள்தான். நார்ப்பட்டை, கம்பிவலை ரத்தக்குழாய் எல்லாம் முழுசாகத் தெரியாது. 'கொழுப்புச் செல்கள் மட்டும் உள்ளன' என்ற எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட், ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டிக்கு நற்சான்று ஆகாது.

கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருந்தால், ஒரு தடவை உஷாராவது நல்லது. தசைக்குள் ஆழமாக இருந்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும், எடுத்த இடத்தில் மறுபடி வந்தாலும் அதேதான். முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம் சற்றுத் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் பயாப்ஸி, அதன் ரிப்போர்ட் வந்த பிறகு அறுவை சிகிச்சை. இந்த வரிசை மாறக் கூடாது. லிபோமா என்று நினைத்து உடைத்து உடைத்து எடுத்த பிறகு சார்கோமா என்று ரிப்போர்ட் வந்தால், அந்த இடம் முழுக்கச் செல்கள் சிந்தியிருக்கும். இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடப் பெரிதாகிவிடும்.

ரிப்போர்ட்டில் குழப்பம் இருந்தால் இன்னொருவரிடம் காட்டுவதில் தயக்கமே வேண்டாம், இந்தக் கட்டிகளில் அது உலகம் முழுக்க நடைமுறைதான். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்குத் திருச்சியிலிருந்து போகிறவர்கள் பேப்பர் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொண்டு போனால் பாதி வேலைதான் நடக்கும். ஸ்லைடுகள், மெழுகு பிளாக், ஸ்கேன் படங்கள், முதல் அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் வேண்டும். பிளாக்கை எழுதிக் கேட்டால் லேபில் தருவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்று: அந்த மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகிவிடும். மே மாத திருச்சி வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ வண்டி பெட்டிக்குள்ளோ பிளாக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது, கைப்பையிலேயே இருக்கட்டும்.